சுவருக்கு அந்தப் பக்கம்

எங்கள் ஊரில் தறி ஓடினால் யாருக்கும் தூக்கம் கலையாது. தறி நின்றால்தான் கலையும். வெளியூரிலிருந்து சாமளாபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வரும் பெண்கள் முதல் ஒரு மாதம் கண் சிவந்து திரிவார்கள். "இந்தச் சத்தத்துல எப்படீங்க்கா தூங்கறீங்க?" என்று கேட்பார்கள். அப்புறம் ஆடிக்குத் தாய் வீட்டுக்குப் போனால், அங்கே ராத்திரி நிசப்தமாக இருக்கிறதே என்று தூக்கம் வராமல் புரண்டு படுப்பார்கள். நான் பிறந்ததே இந்தச் சத்தத்துக்குள்தான் என்பதால் எனக்கு அந்த அவஸ்தை இல்லை.

பாட்டு, சங்கீதம் என்று நான் எதுவும் கற்றவள் இல்லை. படிப்பு பத்தாவதோடு சரி. ஆனால் என் காது நல்ல காது என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. பத்துத் தறி ஓடுகிற கொட்டகையில் எந்தத் தறியில் நாடா இடிக்கிறது, எதில் ஊடை அறுந்து வெறும் தறியாக ஓடுகிறது என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவேன். இது என் அம்மாவிடமிருந்து வந்தது. அம்மா முப்பது வருஷம் தார் சுற்றியவள்.

இப்படிப்பட்ட நான் லண்டன் பாடகி ஒருத்தியின் இசைத்தட்டைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், படிக்கிற சகோதரிகளுக்குச் சிரிப்பு வரலாம். எங்கள் வீட்டுக்காரருக்கும் வந்தது. "சாம்பாருக்கு என்ன வழின்னு எழுதுவேன்னு பார்த்தா..." என்றார். எழுதாமல் இருக்க முடியவில்லை. காரணத்தைப் போகப் போகச் சொல்கிறேன்.

என் மகள் திருப்பூரில் ஆடை வடிவமைப்புப் படிக்கிறாள். துணிக்குக் கட்டம் வரைய உட்கார்ந்தால் அவளுக்குப் பாட்டு ஓடியாக வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் போட்ட பாட்டைக் கேட்டு நான் அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்தேன். தகரத்தைத் தட்டுகிறார்கள், கோழி கத்துகிறது, பிள்ளைகள் கூச்சல் போடுகிறார்கள், நடுவில் ஒரு பெண் பாடுகிறாளா திட்டுகிறாளா என்று தெரியாமல் கத்துகிறாள். "இதென்ன பாட்டா, சந்தையா? நிறுத்தடி!" என்றேன்.

திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, "இருத்தா, நிறுத்தாத" என்றாள்.

தலையைச் சாய்த்துக் கேட்டாள். "உறுமியில்ல இது? எங்கிட்டு இருந்து வருது?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கர்வப்பட்ட காது எனக்கு. உறுமியைக் கண்டுபிடித்தது அம்மா. உறுமி மேளத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கத்துத் தோலை நேர்க் குச்சியால் அடிப்பார்கள். மறு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில்தான், மாடு அடித்தொண்டையில் முனகுகிற மாதிரி அந்த உறுமல் வரும். எங்கள் பக்கத்துக் கோயில் நோன்பிகளில் கேட்கலாம். அம்மாவின் சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். அங்கே உறுமி இல்லாமல் சாமி ஆடாது என்பாள். அந்த உறுமிதான் இங்கிலீஷ் பாட்டுக்குள் இருந்து உறுமிக்கொண்டிருந்தது.

"அம்மாச்சி சொல்றது சரிதான்மா. மெட்ராஸ்ல பதிவு பண்ணினது. பாடறது நம்ம தமிழ்ப் பொண்ணு" என்றாள் மகள்.

அப்புறம்தான் கதையைச் சொன்னாள். பாடகியின் பெயர் மாதங்கி அருள்பிரகாசம். வீட்டில் மாயா. உலகத்துக்கு எம்.ஐ.ஏ. 1975ல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போகப்பட்டவர். தகப்பனார் ஈழப் போராட்ட இயக்கம் ஒன்றைத் தொடங்கியவர்களில் ஒருவர். வீட்டில் தங்கியதே இல்லை. எப்போதாவது வந்தாலும், பாதுகாப்புக்காகப் பிள்ளைகளிடம் "மாமா வந்திருக்கிறார்" என்றுதான் சொல்வார்களாம். மூன்று பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு யாழ்ப்பாணம், மெட்ராஸ், மறுபடி யாழ்ப்பாணம் என்று அலைந்து, 1986ல் அகதியாக லண்டன் போய்ச் சேர்ந்தவர் தாயார். அந்தத் தாயாரின் பெயர் கலா.

2005ல் மாயா முதல் இசைத்தட்டு வெளியிட்டபோது அதற்குத் தகப்பனார் பெயரை வைத்தார்: அருளர். 2007ல் வந்த இரண்டாவதற்குத் தாயார் பெயர்: கலா. என் மகள் அன்று போட்டது இந்தக் 'கலா'வைத்தான். இதற்காக அமெரிக்கா போய் அங்குள்ள பெரிய இசையமைப்பாளரோடு வேலை செய்ய இருந்தாராம். 2006ல் விசா கிடைக்கவில்லை. சரி, ஊர் ஊராகப் போய்ச் செய்கிறேன் என்று கிளம்பிவிட்டார். இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று போகிற இடத்தில் எல்லாம் பதிவு செய்திருக்கிறார். நம் கோடம்பாக்கத்தில் ஏ.ஆர். ரஹ்மான் தன் ஸ்டூடியோவைக் கொடுத்து, மேளக்காரர்களையும் காட்டிவிட்டிருக்கிறார். உறுமி வந்த வழி இதுதான்.

கதை கேட்டபின் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அம்மா கண்டுபிடித்தாள், நான் கண்டுபிடிக்க வேண்டாமா? "முதல்ல இருந்து போடு" என்றேன்.

முதல் பாட்டு ஓடுகிறது. எஞ்சின் ஓடுகிற மாதிரி ஒரு தாளம். கொஞ்ச நேரத்தில் எங்கேயோ கேட்ட குரல் ஒன்று அடியில் மிதந்து வருகிறது. அரை நிமிடம் திண்டாடினேன். பிடித்துவிட்டேன்! 'தளபதி' படத்துக் காட்டுக்குயிலு பாட்டு. 1991 தீபாவளிக்கு வந்த படம். எனக்குப் பதினோரு வயது. அந்தப் பாட்டு வந்தபோது தியேட்டரில் எழுந்து ஆடியவர்கள் உட்காரவே இல்லை. இளையராஜாவின் அந்தப் பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து, தன் பாட்டுக்கு அஸ்திவாரமாகப் போட்டிருக்கிறார் இந்த அம்மாள். பனியன் கம்பெனியில் கட்டிங் போக மிஞ்சும் துண்டுத் துணியை நம் பெண்கள் மிதியடி, தலையணை உறை என்று தைப்பார்களே, அந்த வேலைதான். எந்தத் துண்டு எந்த நிறத்துக்குப் பக்கத்தில் உட்காரும் என்று தெரிய வேண்டும். தெரியாதவர் தைத்தால் கந்தல்.

எல்லாப் பாட்டும் எனக்குப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று பாட்டு இன்றும் தலைவலிதான். ஒன்றுக்குத் தலைப்பிலேயே மாங்காய் ஊறுகாய் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பழங்குடிச் சிறுவர்கள் ஆற்றையும் மீனையும் பற்றிப் பாடுகிறார்கள். பின்னால் ஒரு நீண்ட மரக்குழல் 'ஞொய்ங்' என்று முனகுகிறது. டிஜெரிடூ என்று பெயர். யூகலிப்டஸ் மரத்தைக் கறையான் உள்ளே தின்று கூடாக்கி வைக்க, அதை வெட்டி ஊதுவார்களாம். கறையானுக்கும் சங்கீதத்தில் பங்கு! அம்மா அதைக் கேட்டு, "இது உறுமிக்கு அண்ணன் முறை" என்றாள்.

மாயாவின் குரல் சுசீலா அம்மா, ஜானகி அம்மா குரல் மாதிரி இழையாது. பாடுவதா பேசுவதா என்று இரண்டுக்கும் நடுவில் நிற்கும். குழாயடியில் நாலு பேருக்குக் கேட்கப் பேசுகிற பெண்ணின் குரல் அது. பழகப் பழகத்தான் அதில் ஒரு கேலியும் தெம்பும் இருப்பது தெரிகிறது.

என் மனசில் தைத்த விஷயம் தாயார் கலாவின் வேலை. லண்டனில் இங்கிலீஷ் பேசத் தெரியாமல் பார்க்கக்கூடிய வேலையாக அவருக்குக் கிடைத்தது தையல். அப்போதைய இங்கிலாந்து அரசி வருஷா வருஷம் கொடுத்த பட்டங்களுக்கான பதக்கங்களைக் கையால் தைக்கும் வேலை. ஆயிரக்கணக்கில் தைத்திருக்கிறார். 2019ல் மகளுக்கே அந்த எம்.பி.இ. பட்டம் அறிவித்தார்கள். 2020 ஜனவரியில் இளவரசர் வில்லியம் கையால் வாங்கிக்கொண்டார். தன் அம்மாவைக் கௌரவிக்கவே இதை ஏற்றுக்கொள்கிறேன் என்று சொன்னார் மாயா.

திருப்பூர்ப் பக்கத்துப் பெண்களுக்கு இதைப் பற்றி விளக்கவே வேண்டாம். நாம் பிசிறு வெட்டி, மடித்து, அட்டை வைத்துக் கட்டி அனுப்பும் சட்டையை எந்த நாட்டில் எவர் போட்டுக்கொண்டு எந்த விருந்துக்குப் போகிறாரோ! நம் கையில் இருப்பது பீஸ் கணக்கு மட்டும்தான். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "ஒரு பதக்கத்துக்கு எம்புட்டுக் கூலியாம்?" என்று கேட்டாள். அது எந்தப் புத்தகத்திலும் இருக்காது போல.

இனிமேல் சொல்லப் போவது கொஞ்சம் கூச்சமான விஷயம்.

எங்கள் வீட்டுச் சுவரும், பக்கத்து லைன் வீடுகளில் கடைசி வீட்டின் சுவரும் ஒரே சுவர். அந்த வீட்டுக்கு ஒடிசாவிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி குடி வந்தார்கள். இரண்டு பேருக்கும் தறி வேலை. அவர்கள் வருவதற்கு முன்னாலேயே லைன் வீட்டுச் சொந்தக்காரரிடம் போய், "வடக்கத்தி ஆளுங்களை எங்க சுவத்தோரம் வெக்காதீங்கண்ணா, பொம்பளைப் புள்ளை இருக்கற வீடு" என்று சொன்னவள் நான்தான். அவர் சிரித்தார். "உள்ளூர்ல ஆள் எங்கம்மிணி இருக்கு? தறியை நானா ஓட்டறது?" என்றார்.

ஐந்து மாதம் அந்தப் பெண்ணோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் வரும் நாளில் அவள் குடம் எங்கள் குடங்களுக்குப் பின்னால் கடைசியில்தான் நிற்கும். யாரும் வரிசை எழுதி வைக்கவில்லை. ஆனால் அப்படித்தான் நின்றது. ராத்திரி அவர்கள் செல்போனில் அவர்கள் ஊர்ப் பாட்டுப் போட்டால், நான் சப்பாத்திக் கட்டையால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவேன். உடனே பாட்டு நின்றுவிடும். நின்றதில் எனக்கு ஒரு திருப்தியும் இருந்தது.

இந்த நேரத்தில்தான் 'கலா'வின் மிகப் பிரபலமான பாட்டு வந்தது. பேப்பர் பிளேன்ஸ். காகித விமானம். 2008ல் அமெரிக்கப் பட்டியலில் நான்காம் இடம் வரை போன பாட்டு. 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தில் ரயில் காட்சிக்கு வருகிறது. மெட்டு தாலாட்டு மாதிரி இனிமை. ஆனால் பல்லவியில் பிள்ளைகள் சேர்ந்து பாடிக்கொண்டே வரும்போது, வார்த்தைக்குப் பதில் டமார் டமார் என்று துப்பாக்கி வெடிக்கிறது. அப்புறம் கல்லாப்பெட்டி திறக்கும் மணி. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "சின்னப் பசங்க வந்து போற வீட்டுல சுடறதும் கொள்ளையடிக்கறதும் ஒரு பாட்டா?" என்றேன். அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் அந்த வெடிச் சத்தத்தை மாற்றித்தான் ஒலிபரப்பினார்களாம். ஆக என் கட்சிக்கு ஆள் இருக்கிறது.

மகள் பென்சிலை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "அது கேலிம்மா. விசா கேட்டுப் போற எடத்துல அவ பேரையும் மூஞ்சியையும் பார்த்த உடனே, இவ சுடத்தான் வந்திருக்கா, நம்ம காசைப் புடுங்கத்தான் வந்திருக்கான்னு நெனைக்கறாங்கல்ல. சரி, நீங்க நெனைக்கற மாதிரியே பாடறேன்னு பாடறா." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நீ பக்கத்து வீட்டுக்காரங்களைப் பத்திச் சொன்னியே, அதே மாதிரிதான்" என்றாள்.

பதில் வரவில்லை எனக்கு. அடுக்களைக்குப் போய்ப் பால் பாத்திரத்தைத் தேய்த்தேன். ஏற்கெனவே தேய்த்த பாத்திரம்.

அம்மா பின்னால் வந்து நின்றாள். அவள் எதையும் எடுத்துச் சொல்கிற ரகம் இல்லை. "1979ல நாங்க இங்க வந்தப்ப, நாலு வீட்டுல எடம் இல்லன்னுட்டாங்க. தெக்கத்திக்காரங்க, அருவா எடுப்பாங்கன்னு" என்றாள். "உங்கப்பாவுக்குக் கோழி அறுக்கவே கை நடுங்கும்."

இதை அவள் எனக்கு இதற்கு முன் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியதே, ஞாபகம் இருக்கிறதா? திருப்பூரில் எத்தனையோ பேர் பயந்து ரயில் ஏறினார்கள். நாம் அவர்களைப் பார்த்துப் பயப்படுகிற அளவுக்கு அவர்களும் நம்மைப் பார்த்துப் பயந்திருக்கிறார்கள். அந்த வீடியோவை நானும் நாலு பேருக்கு அனுப்பியிருப்பேன். என் போன் அப்போது ரிப்பேரில் இருந்தது, அவ்வளவுதான்.

மாயாவின் வாழ்க்கையில் ஒரு சம்பவம். லண்டனில் அகதிக் குடும்பங்கள் இருந்த அடுக்குக் குடியிருப்பில் அவர்கள் வீட்டு ரேடியோ திருட்டுப் போய்விட்டது. அதன்பின் ராத்திரிகளில் பக்கத்து வீட்டு ரேடியோதான் கதி. அந்த வீட்டிலிருந்து வந்த கறுப்பர்களின் ராப் பாட்டைக் கேட்டுக் கேட்டுத்தான் அவருக்குப் பாட்டில் ஆசை வந்தது. அந்தப் பக்கத்து வீட்டுக்காரரை யாராவது தட்டி நிறுத்தியிருந்தால்? மகள் இதைச் சொன்ன அன்று சப்பாத்திக் கட்டையை எடுத்து உள் அலமாரியில் வைத்தேன்.

கதவைத் திறந்துவிட்டது 'ஜிம்மி' என்கிற பாட்டு. 'கலா'வில் நாலாவது. 1982ல் வந்த 'டிஸ்கோ டான்சர்' இந்திப் படத்தில் மிதுன் சக்கரவர்த்திக்காகப் பாடுகிற பாட்டு அது. பப்பி லஹரி இசை. நம் ஆட்களுக்குச் சொன்னால், ஆனந்த் பாபு ஆடிய 'பாடும் வானம்பாடி' அந்தப் படத்தின் தமிழ்தான். கதாநாயகனைக் கொல்லக் கிடாரில் மின்சாரம் வைத்துவிடுவார்கள். அதைத் தொட்டு அவன் தாயார் இறந்துபோவாள். அதிலிருந்து கிடாரைக் கண்டாலே அவனுக்கு நடுங்கும். மேடையில் சிலையாக நிற்பவனை வா வா என்று கூப்பிடுகிற பாட்டு அது. இந்தியில் அதைப் பாடிய பார்வதி கான் டிரினிடாடில் பிறந்த இந்திய வம்சாவளிப் பெண். மாயா சின்ன வயதில் குடும்ப விசேஷங்களில் இந்தப் பாட்டுக்கு ஆடுவாராம். அதையே தன் குரலில், தன் வார்த்தைகளோடு திரும்பப் பாடியிருக்கிறார்.

அன்று சாயங்காலம் மகள் 'ஜிம்மி' போட்டாள். பாதிப் பாட்டில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் கூடவே பாடியது. மெல்ல, இந்தி வார்த்தைகளில். நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மகள் சத்தத்தைக் கூட்டினாள். குரல் சட்டென்று நின்றது. தட்டப் போகிறேன் என்று நினைத்திருப்பாள்.

நான்தான் வெளியே போய் அவள் வாசலில் நின்றேன். ஐந்து மாதத்தில் முதல் தடவை. "பாட்டு நல்லாருக்கா?" என்று கேட்டேன். கேட்க வேறு எதுவும் தோன்றவில்லை. அவளுக்கு அரைகுறைத் தமிழ். "எங்கம்மா பாட்டு அக்கா. அம்மா பாடும்" என்றாள். இருபத்தி இரண்டு வயது இருக்கும். எட்டு மாத வயிறு. அவள் கர்ப்பமாக இருப்பது எனக்குத் தெரியும். எத்தனை மாதம் என்று அதுவரை கேட்டதில்லை.

உள்ளே வரச் சொன்னேன். தயங்கித் தயங்கி வந்து நிலைப்படி ஓரம் உட்கார்ந்தாள். மகள் பாட்டை மறுபடி போட்டாள். அம்மா பாட்டைக் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துப் பார்த்தாள். கண்ணாடி வளையல் மணிக்கட்டில் பதிந்து நின்றது. முகமும் உப்பியிருந்தது. "தலை வலிக்குதாத்தா?" என்று கேட்டாள். மூன்று நாளாக வலிக்கிறதாம். கண் முன்னால் பூச்சி பறக்கிறதாம். வேலைக் களைப்பு என்று நினைத்து மாத்திரை போட்டிருக்கிறாள்.

நிறைமாத நெருக்கத்தில் காலில் லேசாக வீக்கம் பலருக்கும் வரும். கை, முகம் வீங்கி, தலைவலியும் கண் மங்கலும் சேர்ந்தால் அது வேறு. ரத்த அழுத்தம் ஏறியிருக்கும். விட்டால் வலிப்பு வந்து தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. இளம் தாய்மார்கள் இதை மட்டும் மறக்கவே கூடாது. அன்றே ஆட்டோ பிடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். 160க்கு 110. சிறுநீரிலும் புரதம். அங்கிருந்தே ஆம்புலன்ஸில் திருப்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். புருஷன் தறியிலிருந்து ஓடி வந்தான், தலையெல்லாம் பஞ்சோடு.

அவளுக்கு இங்கே தாயும் இல்லை, மாமியாரும் இல்லை. அம்மாவும் நானும் முறை வைத்துத் துணை இருந்தோம். ஒரு ராத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்போது மகள் போனில் ஒரு படம் காட்டினாள். 2009 பிப்ரவரி 8, லாஸ் ஏஞ்சலஸ், கிராமி விருது விழா. பேப்பர் பிளேன்ஸிலிருந்து ஒரு துண்டை எடுத்து அமெரிக்க ஆண் பாடகர்கள் நாலு பேர் தனியாக ஒரு பாட்டுச் செய்திருந்தார்கள். அவர்கள் நாலு பேரும் கோட்டு சூட்டில் நிற்க, நடுவில் மாயா, நிறைமாத வயிற்றோடு, உடம்பை ஒட்டிய கறுப்பு வெள்ளை உடையில் ஆடிக்கொண்டு பாடுகிறார். டாக்டர் சொன்ன பிரசவத் தேதியே அன்றுதான். மூன்றாம் நாள் ஆண் குழந்தை பிறந்தது.

நான் வாயைப் பிளந்தேன். ஒன்பதாம் மாதம் நிறைந்த பெண்ணை நாம் வாசல் தாண்டவே விடமாட்டோமே! (இதைப் படித்துவிட்டு யாரும் ஆடக் கிளம்ப வேண்டாம். உங்கள் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்.) அம்மா படத்தை வாங்கி உற்றுப் பார்த்தாள்.

"நானும் உன்னை வயித்துல வச்சுக்கிட்டு வலி எடுக்குற வரைக்கும் தார் சுத்துனேன். பாதித் தாரை அப்படியே போட்டுட்டுத்தான் போனேன். மூணாம் நாளு வந்து மீதிய எவளோ சுத்திட்டாளான்னு கேட்டேன்" என்றாள்.

"சுத்திட்டாங்களா?"

"கூலியும் அவ வாங்கிட்டா."

மாயா செய்ததெல்லாம் எனக்கு ஒப்புதல் என்று நினைக்க வேண்டாம். 2012ல் அமெரிக்காவில் கோடிக்கணக்கானோர் பார்க்கும் விளையாட்டு விழா மேடையில் கேமராவைப் பார்த்து அசிங்கமாக விரலைக் காட்டி, பெரிய வழக்காகிவிட்டது. என் மகள் அப்படிச் செய்தால் கையை உடைப்பேன். அவருடைய அரசியல் பேச்சிலும் பலருக்குச் சண்டை உண்டு. அவர் வாழ்க்கையைப் பற்றி 2018ல் ஒரு ஆவணப்படம் வந்தது. அவர் தானே எடுத்து வைத்திருந்த படச்சுருள்களைக் கொண்டு கல்லூரி நண்பர் ஒருவர் செய்தது. அதைப் பார்த்தால் கோபம் எங்கிருந்து வருகிறது என்றாவது தெரிகிறது.

கேட்டுப் பார்க்க நினைக்கும் சகோதரிகள் 'ஜிம்மி'யில் தொடங்குங்கள். பழகிய மெட்டு, பயமுறுத்தாது. அடுத்து உறுமிக்காக 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்'. இளையராஜாவைத் தேடிப் பிடிக்க முதல் பாட்டு. பேப்பர் பிளேன்ஸைப் பிள்ளைகள் எதிரில் போட்டால், அந்த வெடிச் சத்தம் எதற்கு என்று அவர்கள் கேட்பார்கள். பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். நான் தயாராக இல்லை.

குழந்தை மூன்று வாரம் முன்கூட்டியே பிறந்தது. பெண். இரண்டு கிலோ இருநூறு. தாய் பிழைத்தாள், வளையலும் இப்போது தளர்ந்துவிட்டது. அவர்கள் ஊர் வழக்கப்படி இருபத்தோராம் நாள் விசேஷம். லைன் வீட்டு வாசலில் கோலம் போட்டு, பாயசம் மாதிரி ஏதோ காய்ச்சி, ஒடிசாக்காரர்கள் பத்துப் பேர் கூடினார்கள். எங்களையும் கூப்பிட்டார்கள். என் மகள் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு போய் 'ஜிம்மி' போட்டாள். குழந்தைக்காரி பாடினாள், இந்தத் தடவை சுவர் இல்லாமல்.

கொஞ்ச நேரத்தில் அம்மா என் மகளைக் கிள்ளினாள். "அந்த உறுமிப் பாட்டைப் போடுறீ."

உறுமி ஆரம்பித்ததும் ஒடிசாப் பையன்கள் எழுந்து ஆடினார்கள். அவர்கள் ஊரிலும் இப்படி ஒரு மேளம் இருக்கிறதாம்; பெயர் சொன்னார்கள், என் வாயில் நுழையவில்லை. அம்மா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தொடையில் தாளம் போட்டாள். இந்தச் சத்தத்தில் முழித்துக்கொள்ளப் போகிறதே என்று எனக்குப் பயம்.

குழந்தை அசையவில்லை. சாமளாபுரத்தில் பிறந்தது அல்லவா!